குறி மட்டும் காணாது

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில கரண்ட் இல்லை. விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கிற கதை விளையாட்டு) விளையாடினம், 2008இல வந்த 4ஆம் பதிப்பு. எதிரிகள் எல்லாம் புளியங்கொட்டை. நான் ஃபைட்டர், முன்னுக்கு நிண்டு எதிரியை மறிக்கிற சண்டைக்காரன். நான் குறி வைச்ச, அதாவது 'என்னோடதான் மோதோணும்' எண்டு மறிச்ச, கொட்டைக்குப் பக்கத்தில அடையாளமா ஒரு சோடா மூடி.

"உந்தக் குறியால என்ன பிரியோசனம் மச்சான், வெறும் -2 தானே?" எண்டு மந்திரக்காரனா விளையாடின கூட்டாளி நக்கலடிச்சான். குறிபட்ட எதிரி என்னை விட்டிட்டு அவனை அடிச்சால், அடி படுதோ எண்டு பாக்க உருட்டிற கட்டையில எதிரிக்கு 2 குறையும். 20 முகக் கட்டையில அது நூற்றுக்கு 10 வாய்ப்புக் குறையிற மாதிரி. அவ்வளவுதான் எண்டால் அவன் சொன்னது சரி.

ஆனா கிளித்தட்டில கோட்டில நிக்கிறவனை நினைச்சுப் பாருங்கோ. தாண்டலாம், முதுகில ஒண்டு விழும். இதுவும் அப்பிடித்தான். பக்கத்தில நிக்கிற குறிபட்டவன் வேற ஆளுக்கு ஓங்கினால், அவன்ர அடி விழமுதல் என்ர அடி விழும். நேற்று ஒரு கொட்டை மந்திரக்காரனைத் தொடமுதலே செத்துது. ஆள் கப்சிப்.

ஒரு சுற்றுக்கு ஒருக்காத்தான் அப்பிடி அடிக்கலாம், அதுதான் பெரிய குறை. மூண்டு பேரைக் குறி வைச்சாலும் ஒருத்தனுக்குத்தான் விழும். மற்ற ரெண்டு கொட்டையும் சேர்ந்து மந்திரக்காரனைப் படுக்க வைச்சிட்டுதுகள். அதுக்குப் பிறகு தேத்தண்ணி ஊத்தினது அவன்தான்.