அல்ஹம்ப்ராவில் உம்மா ஓதிய சுவர்

ஸ்பெயினில் கிரனடா நகரத்து மலைமேல் இருக்கும் பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்குப் போக நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. கிரனடாவில் இறங்கிய பிறகு டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாங்கள் போனது அக்டோபரில். ஆறு வாரம் முன்னாலேயே அதிகாரப்பூர்வ இணையதளத்தைத் திறந்து பார்த்தேன், நினைத்திருந்த சனிக்கிழமைக்கு ஒரு டிக்கெட்கூட இல்லை. செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது. அதை வாங்கிவிட்டுத்தான் விமானத்தையும் அறையையும் அதற்குத் தகுந்த மாதிரி போட்டேன்.

டிக்கெட்டில் பல வகை உண்டு. தோட்டங்களுக்கும் அல்கசாபா கோட்டைக்கும் மட்டும் என்று ஒன்று விலை குறைவாக இருக்கும். அதில், கிரனடாவை ஆண்ட முஸ்லிம் அரச வம்சமான நஸ்ரித்களின் அரண்மனைகள் கிடையாது. சிங்க முற்றமும் எழுத்துச் சுவர்களும் அங்கேதான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பொது டிக்கெட்தான் வேண்டும். அதில் ஒரு நேரம் போட்டிருக்கும். அது அல்ஹம்ப்ராவுக்குள் நுழையும் நேரம் இல்லை, நஸ்ரித் அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். எங்களுக்கு 10.30.

பெயர் எழுதும் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. உம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் இருக்கும். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதினேன். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள், எண் சரியாக இருந்தது, விட்டுவிட்டார்கள். ஒரு வாசலில் காட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நஸ்ரித், அல்கசாபா, அரசர்களின் தோட்ட மாளிகையான ஹெனராலிஃபே என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள்.

உம்மாவுக்கு முழங்கால் வலி. பிரதான நுழைவாயில் வழியாகப் போனால் அரண்மனைக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும். கையில் டிக்கெட் இருப்பவர்கள் நீதி வாசல் வழியாகவே நுழையலாம், அங்கிருந்து அரண்மனை பக்கம். நகரத்திலிருந்து சின்ன சிவப்பு பஸ் மேலே ஏறுகிறது. நாங்கள் ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் இருந்தோம். 1348இல் நஸ்ரித் அரசர் முதலாம் யூசுஃப் கட்டிய வாசல் அது. உயரமான வளைவின் உச்சியில் விரித்த கை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். உள் வளைவில் ஒரு சாவி. உம்மா அந்தக் கையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நேரம் இருந்ததால் உம்மாவை ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனையின் கல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் அல்கசாபா போய்வந்தேன். வேலா கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. சார்லஸ் அரண்மனை 1527இல் தொடங்கியது. வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம், அருமையான கட்டடம்தான். ஆனால் நஸ்ரித் அரண்மனைகளை ஒட்டி அவ்வளவு பாரமாக அது உட்கார்ந்திருப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை.

10.30க்கு வரிசை நகர்ந்தது. உள்ளே போனபின் வெளியே வந்து திரும்ப நுழைய முடியாது. ஆனால் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அவசரப்படாதீர்கள். கூடவே நுழைந்த கூட்டம் கால் மணி நேரத்தில் முன்னால் போய்விடும். அதன் பிறகு கொஞ்ச நேரம் அறை உங்களுடையது.

மெஷுவார் மண்டபம் தாண்டி ஒரு சுவருக்கு முன்னால் உம்மா நின்றுவிட்டார்கள். கீழே இடுப்பளவுக்கு வண்ண ஓடுகள், பச்சை, நீலம், தேன் நிறம். அதற்கு மேல் சுண்ணச் சாந்தில் இழை இழையாகக் கொடிகள். நடுவே பட்டையாக எழுத்து. சுவரைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், உம்மா விரலைக் காற்றிலேயே வலமிருந்து இடமாக நகர்த்தி, சின்னப் பிள்ளைகள் மதரசாவில் எழுத்துக் கூட்டுவது மாதிரி கூட்டினார்கள்.

"வலா... காலிப... இல்லல்லாஹ். ஏ புள்ள, இது நாம ஓதுற எழுத்துதான்!"

அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவனும் இல்லை. நஸ்ரித் அரசர்களின் முழக்கம் அது. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரியும். தூண் தலையில், சன்னல் ஓரத்தில், கூரைக்குக் கீழே. உம்மா ஒவ்வொரு அறையிலும் அதைத் தேடிக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார்கள். கோண கோணமாக எழுதியிருக்கும் கூஃபி எழுத்து மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அரபி படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை உம்மா. காயல்பட்டினத்தில் சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றதோடு சரி. அந்த ஓதல் அவர்களை எழுநூறு வருடச் சுவருக்கு முன்னால் வாசகியாக நிறுத்தியது.

கோமாரெஸ் கோபுரத்தின் உள்ளே தூதர் மண்டபம். கூரையில் 8,017 மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களைச் செய்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அடுத்து ஐந்தாம் முஹம்மது கட்டிய சிங்க முற்றம். 124 மெல்லிய தூண்கள், நடுவே 12 சிங்கங்கள் தாங்கும் பளிங்குத் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதை இருக்கிறது. கிட்டே போக விடமாட்டார்கள் என்பதால் உம்மாவால் வாசிக்க முடியவில்லை, நான் படித்துவைத்திருந்த பொருளைச் சொன்னேன். ஓடும் நீரும் உறைந்த பளிங்கும் ஒன்றுபோல் தெரிவதால் இரண்டில் எது ஓடுகிறது என்றே தெரியவில்லை என்கிறது கவிதை. உம்மா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார்கள்.

வெளியே வந்து, 'பார்த்தால்' என்று பெயருள்ள தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது உம்மா கேட்டார்கள்: "இத எழுதினவங்க மக்களெல்லாம் எங்க போனாங்க?"

சொன்னேன். 1492 ஜனவரி 2 அன்று கடைசி நஸ்ரித் அரசர் போஅப்தில் ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசர்களிடம் கோட்டையை ஒப்படைத்தார். முஸ்லிம்களின் மதத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று உடன்படிக்கையில் எழுதித்தான் வாங்கினார்கள். பத்து வருடம்கூட அது நிற்கவில்லை. ஞானஸ்நானம் கட்டாயமானது, அரபு நூல்களைக் குவித்து எரித்தார்கள், 1567இல் அரபு மொழியையே தடை செய்தார்கள். 1609இல் தொடங்கி, மிஞ்சியவர்களை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அரபு பேச்சு மறந்துபோன பிறகும் அவர்களில் சிலர் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் ஒளித்து எழுதிவைத்திருந்தார்கள். அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர்.

"அரபுத்தமிழ் மாதிரியா?"

அப்படியேதான் உம்மா, என்றேன். உம்மாவின் உம்மா கொழும்பிலிருந்த தன் மாப்பிள்ளைக்கு அரபு எழுத்தில் தமிழ்க் கடிதம் எழுதியவர்கள். அந்தக் கடிதங்கள் இரண்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. உம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஹெனராலிஃபேக்கு மெதுவாக நடந்தோம். மேலே நீர்ப்படிக்கட்டு என்று ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். படியின் இருபக்கக் கைப்பிடிச் சுவரின் மேலேயே வாய்க்கால் ஓடுகிறது. தார்ரோ ஆற்றிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரம் அரச வாய்க்கால் வெட்டி இந்த மலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் நஸ்ரித் அரசர்கள். இந்தப் படியையும் ஏற வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. ஓடும் தண்ணீருக்குள் இடது கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

சாயங்காலம் இன்னொரு பஸ் பிடித்து எதிர்மலையில் இருக்கும் பழைய குடியிருப்பான அல்பாய்சினுக்குப் போனோம். அங்கே 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு உம்மா அதன் தோட்டத்துச் சுவரோரம் வந்து நின்றார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அல்ஹம்ப்ரா சிவந்துகொண்டிருந்தது. "நாம வாசிச்ச சுவரு எந்தக் கோபுரத்துக்குப் பக்கம் புள்ள?" என்று கேட்டார்கள். கோமாரெஸ் கோபுரத்தைக் காட்டினேன்.