மொழிபெயர்த்தவன் பாவம்

“செத்தவன் எதுக்குடா எழுந்து நடக்கணும்?”

அத்தையின் முதல் கேள்வி. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. “இது ஜாம்பி படம், ஆனா காமெடி” என்று நான் முன்னுரையாக ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே கால் மணி நேரம் விசாரணைக் கமிஷன் நடந்தது.

தப்பு என்னுடையதுதான். அத்தைக்கு சீரியல் வேண்டும், மாமாவுக்கு செய்தி வேண்டும், என் மூத்த பையன் பெரியவனுக்கு கிரிக்கெட் வேண்டும். சண்டை முற்றியதும் அப்பா, “யாரும் எதுவும் பாக்க வேண்டாம். பொதுவா ஒரு காமெடி போடு” என்று தீர்ப்பு சொன்னார். பொதுவான காமெடி என்றதும் எனக்கு ‘ஷான் ஆஃப் தி டெட்’ ஏன் ஞாபகம் வந்தது என்று இந்த நிமிஷம் வரைக்கும் புரியவில்லை. 2004-இல் வந்த படம். எட்கர் ரைட் எடுத்தது, சைமன் பெக் ஹீரோ. அந்த வயசில் நண்பர்களோடு தரையில் புரண்டு சிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட எந்தப் படத்தையும் பெற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்பதை யாராவது கல்வெட்டில் எழுதி வைத்திருக்கலாம்.

படத்தில் ரத்தம் இருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. வசனத்தில் பாதிக்குப் பாதி கெட்ட வார்த்தை என்பது மறந்துபோயிருந்தது. நல்ல வேளை, சப்டைட்டிலும் இங்கிலீஷ். அது ஓடுகிற வேகத்துக்குப் பெரியவர்களால் படிக்க முடியாது. “நீயே தமிழ்ல சொல்லு” என்றார்கள். சொன்னேன். ஹீரோவின் நண்பன் எட் அரை நிமிஷம் மூச்சு விடாமல் ஒருத்தனைத் திட்டினான்.

“ரொம்ப வருத்தப்படறான்” என்றேன்.

பெரியவன் தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். அத்தை விடவில்லை. “இவ்ளோ நேரம் வருத்தப்பட்டானே, எதுக்குன்னு சொல்லலியா?”

“குடும்பப் பிரச்சினை அத்தை.”

இப்படியே தணிக்கை போர்டும் டப்பிங் கலைஞரும் நான் ஒருவனே ஆகி, முதல் அரை மணி நேரத்தை ஓட்டினேன்.

செத்தவர்கள் ஒருவழியாக நடக்க ஆரம்பித்ததும் மாமா தொண்டையைச் செருமினார். மாமா தொண்டையைச் செருமினால் பாட வேளை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரிட்டயர் ஆனதெல்லாம் காகிதத்தில்தான். “இதுல என்ன புதுசு? பொணத்துக்குள்ள புகுந்து ஆட்டி வைக்கிற வேதாளம் நம்மகிட்ட இல்லாததா? அதாவது பரவாயில்ல, கதை சொல்லும், கேள்வி கேக்கும், பதில் சொன்னா திரும்ப மரத்துல ஏறிக்கும். இதுங்க வெறும் ‘ஆ’ன்னுதான் சொல்லுதுங்க.” அதோடு நிறுத்தினாரா? கலிங்கத்துப்பரணிக்குப் போய்விட்டார். போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் காய்ச்சுகிற இடம். சமைக்கும் முன்னால் பேய்களெல்லாம் யானைத் தந்தத்தால் பல் விளக்குமாம், யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்குமாம். “ஜெயங்கொண்டார் 12-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் காமெடிய எழுதிட்டார். அவர் பேய்ங்களுக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியும். இதுங்களப் பாரு, மூஞ்சி கூடக் கழுவல.”

மாமாவின் விமர்சனத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். சுகாதாரத்தில் இந்தப் படம் பின்தங்கித்தான் இருக்கிறது.

பெரியவனுக்கு வேறு வருத்தம். அவன் இந்த விஷயத்தில் சாஸ்திர விற்பன்னன். “ஜாம்பின்னா மெதுவாதான் நடக்கணும், ஓடுனா செல்லாது. ஜார்ஜ் ரொமேரோ 1968-ல எடுத்ததுதான் இலக்கணம். அந்தப் படத்துல ஜாம்பிங்கற வார்த்தையே கிடையாது, தெரியுமா? ரத்தம்னு காட்டினது சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளைல யாருக்குத் தெரியப் போகுது” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். 2002-இல் வந்த ஒரு படத்தில் ஓடிவருகிறவர்கள் வைரஸ் தாக்கிய ஆட்கள்தானாம், சாகவே இல்லையாம், அதனால் கணக்கில் சேராதாம். இவ்வளவு ஞாபகசக்தியும் வேதியியல் பரீட்சை அன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று நான் கேட்கவில்லை. விருந்தாளி இருக்கும்போது கேட்கக் கூடாது.

“இந்த வார்த்தையே ஹைட்டிலேர்ந்து வந்தது” என்று அவன் தொடர்ந்தான். “அந்தக் கதைல ஜாம்பி யாரையும் கடிக்காது. செத்தவன மந்திரம் போட்டு எழுப்பி அடிமையா வேலை வாங்குவாங்க. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, எதிர்த்துப் பேசாது, சொன்ன வேலைய செஞ்சுகிட்டே இருக்கும்.”

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல், “அதுக்கு இங்க இல்லத்தரசின்னு பேரு” என்றாள்.

மாமா சிரித்தார். அத்தை சிரித்தாள். நான் அவசரமாக இரண்டு துண்டுகளை எடுத்து மடித்து வைத்தேன்.

அவளுடைய உண்மையான விமர்சனம் அப்புறம்தான் வந்தது. ஷான் காலையில் தூக்கக் கலக்கத்தோடு கடைக்குப் போய்த் திரும்புவான் இல்லையா, ஒரே ஷாட்டில். முந்தின நாள் போன அதே தெரு. இப்போது சுற்றிலும் நடைபிணங்கள், கடைக்குள் தரையெல்லாம் ரத்தம், அதில் கால் வழுக்கவும் செய்கிறது. தலைவர் எதையும் கவனிக்காமல் வீட்டுக்கு வந்து சேர்வார். எத்தனை அருமையான காட்சி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, “இது நீங்கதாங்க” என்றாள்.

“எது?”

“இந்த ஹால் ஜன்னல் திரை மாத்தி பதினோரு நாள் ஆச்சு.”

திரும்பிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. முன்னால் என்ன கலர் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கேயும் நிம்மதி இல்லை. ஹீரோயின் ஷானை விட்டுப் போனதே அவன் ஹோட்டலில் மேஜை பதிவு பண்ண மறந்ததால்தான் என்று அவள் அத்தைக்கு விலாவாரியாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தப் பகுதிக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவே இல்லையே. அப்பா படம் பார்க்கிற லட்சணமே தனி. எந்தப் படமானாலும் அவருக்கு ஒரே விமர்சனம்தான்: “சத்தத்தக் கொறை.” இரண்டு மணி நேரப் படத்தில் நாற்பது தடவை சொல்வார். ரிமோட் அவர் மடியில்தான் இருக்கும், ஆனாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் இந்தப் படத்தில் தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ஷானின் அம்மாவுடைய இரண்டாவது கணவர், ஃபிலிப். சிடுசிடு மனுஷன். தன் காரை யாராவது தொட்டாலே பதறுவார். கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணியில் கழுவிட்டேன், ஒண்ணுமில்ல என்பார். “சரியான முதலுதவி” என்றார் அப்பா. காரில் போகும்போது எட் பாட்டை அலற விடுவான். கடி முற்றி ஃபிலிப் செத்து, ஜாம்பியாகவே மாறி, எல்லாரும் அலறி அடித்துக்கொண்டு இறங்கி ஓடின பிறகு, அந்தப் பிணம் செய்கிற காரியம் என்ன தெரியுமா? கையை நீட்டிப் பாட்டை நிறுத்துகிறது.

அப்பா கை தட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஒரு படத்துக்குக் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. “செத்தும் பொறுப்பா இருக்கான் பாரு!” என்று அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி இரண்டு முறை பார்த்தார். இனிமேல் இந்த வீட்டில் அவர் காலத்துக்குப் பிறகும் யாரும் பாட்டு கேட்க முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

அம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஜாம்பி யார், ஓடுமா நடக்குமா, எதுவும் கேட்கவில்லை. ஷானின் அம்மா பார்பரா திரையில் வந்தால் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாள். “இவ்ளோ கலவரத்துலயும் எவ்ளோ தன்மையா இருக்காங்க.” “அந்தம்மாவால இவ்ளோ தூரம் நடக்க முடியுமா?” “அவங்க உக்காந்தாங்களா?” உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. நானும் ஒவ்வொரு தடவையும், உட்கார்ந்துட்டாங்கம்மா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதுக்கடைக்குள் போய்ச் சேர்ந்து, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பார்பரா சட்டைக் கையை விலக்கிக் காட்டினாள். கடிபட்டிருந்தது. வழியிலேயே கடித்திருக்கிறது, பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லாமலேயே கூட நடந்து வந்திருக்கிறாள்.

இதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அம்மாவே எழுந்துவிட்டாள். “பின்கட்டு விளக்க அணைச்சேனான்னு பாத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள்.

ஹாலில் யாரும் பேசவில்லை, அத்தை கூட. திரையில் ஷான் துப்பாக்கியைத் தூக்கினான். அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து, சத்தத்தை மொத்தமாக நிறுத்தினார். அந்த வெடி எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை.

அம்மா திரும்பி வரவில்லை. தூக்கம் வருகிறதாம்.

மிச்சப் படம் ஓடியது. மாமா தூங்கிப்போனார். கடைசியில் ஜாம்பியாகிப்போன எட் கொட்டகைக்குள் சங்கிலியோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவதைப் பார்த்துப் பெரியவன் “வாழ்ந்தா இப்படி வாழணும்” என்றான். முறைக்க எனக்குத் தெம்பில்லை.

இன்று காலை நான் ஷூ தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப சாதாரணமாக, ஏதோ கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்கம்மா” என்றேன். ராத்திரி முழுக்க வார்த்தைகளை மாற்றி மாற்றிச் சொல்லி நாக்கு பழகியிருந்தது.

பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவன் நுரையோடு வாயைத் திறந்தான். என் மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. “நாலு தையல் போட்டாங்க.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். “நானும் அதான் நெனச்சேன். கையிலதான கடிச்சுது.” இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினாள். “பாவம், அந்தப் பையனுக்குத்தான் நல்ல அலைச்சல்.”