பால் காயும் நாட்கள்

ஏப்ரல் 2

கொக்கியை யாரும் கழற்ற வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 3

ரப்பர் தோட்டத்து லயத்தில் மூன்றாம் கதவு. இந்த அறையின் சுவர்களில் ரப்பர் பால் பூசி, காய்ந்ததும் தோலாக உரித்து, ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) அறையாகத் தொங்கவிடப் போகிறோம், சின்ன வயதில் இப்படி ஓர் அறையில் அடிபட்டவர்கள் உள்ளே வந்து நிற்பதற்காக. பத்துக்குப் பன்னிரண்டடி, ஒன்பதடி உயரம். கீழே மூன்றடி செங்கல், அதற்கு மேல் பலகை, அதன்மேல் எத்தனையோ தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பு. கை வைத்தால் உள்ளங்கை வெள்ளையாகிறது. நல்லதுதான். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவராக இருந்தால் வழவழப்பான வெறும் தோல்தான் வரும். சுண்ணாம்பு தன் மேல் ஏட்டை விட்டுக்கொடுக்கும். அந்த ஏட்டோடு விளக்குக் கரி, எண்ணெய்த் தலை சாய்ந்த வட்டம், பென்சில் கோடு எல்லாம் சேர்ந்து வரும்.

சுவரைக் கழுவக் கூடாது. காய்ந்த தூரிகையால் ஒட்டடை மட்டும் எடுத்தோம். பலகை இடுக்குகளுக்குக் களிமண். பால் இடுக்கில் இறங்கிக் காய்ந்தால் பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும், உரிக்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும். துருப்பிடித்த ஆணித் தலைகள் அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் அரக்கு வார்னிஷ் ஒரு பொட்டு.

ஏப்ரல் 5

இருபது கிலோ டின் மூன்று வந்திறங்கியது. கணக்கு இப்படி: கதவு, ஜன்னல் போக நாலு சுவரும் ஏறக்குறைய 34 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு நாலு பூச்சும் சேர்த்து 1.4 கிலோ. ஆக 48 கிலோ, மீதி சேதத்துக்கு.

வெளியே மரம் நிற்கும்போது எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று தச்சு அண்ணன் கேட்டார். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். காலையில் வெட்டியது மதியத்துக்குள் மங்கிலேயே (பால் பிடிக்கும் கிண்ணத்திலேயே) உறைய ஆரம்பிக்கும். டின் பாலில் ரப்பர் 60 சதவீதம், அம்மோனியா சேர்த்தது, முன்பே கந்தகத்தோடு பதப்படுத்தியது. பதப்படுத்தாத பால் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும். ஒரு மடிப்பு இன்னொரு மடிப்போடு ஒட்டினால் பிரிக்கவே முடியாது.

ஆனாலும் முதல் பூச்சு மட்டும் பக்கத்துச் சிறுதோட்டத்துப் பால்தான். அந்தக் காட்டில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறாமல் தப்பிய மரங்கள் கொஞ்சம் இருக்கின்றன. பால் தண்ணியாக இருப்பதால் கரியின் சின்ன இழையைக்கூடப் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் கலைஞர் ஹைடி பூகர் (1926–1993) 1970களின் கடைசியில் தன் அப்பாவின் படிப்பறையை இப்படித்தான் வலைத்துணியும் ரப்பர் பாலும் வைத்து உரித்தெடுத்தார். பிறகு தாத்தா வீட்டை, 1988-ல் ஒரு பழைய மனநல விடுதியை. அங்கே ரப்பர் பால் கடையில் வாங்கும் பொருள். இங்கே, இந்த அறையில் பிள்ளையை விட்டுக் கொக்கி மாட்டிவிட்டு அம்மா விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனதே அந்தப் பாலை எடுக்கத்தான். இந்தச் சுவரில் முதலில் படவேண்டியது அதுதான்.

ஏப்ரல் 6

மழை. மூடியைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 8

முதல் பூச்சு. அதிகாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பத்துக்குள் முடித்தோம். வெயில் ஏறினால் தூரிகையிலேயே பால் உறைகிறது. தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் மறுபடி. சோம்பல்பட்டால் தூரிகை ரப்பர் கட்டியாகிவிடும், குப்பைதான்.

ஜன்னல் இரண்டும் திறப்பு, வாசலில் காற்றாடி. அம்மோனியா கண்ணைக் கரிக்கிறது. கையுறை நைட்ரில் மட்டும். ரப்பர் புரதம் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், அரிப்பில் தொடங்கி மூச்சடைப்பு வரை போகலாம். வாசலில் வைக்கும் பலகையில் முதல் வரியே இதுவாக இருக்க வேண்டும்.

வலைத்துணியை ஈரப் பூச்சின்மேல் வைத்து மேலிருந்து கீழாக, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினோம். துணிகள் நாலு விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். மேல் ஓரத்தில் துணியை இரட்டையாக மடித்து உள்ளே பருத்திக் கயிறு. தொங்கவிடுவது அந்தக் கயிற்றில்தான். ரப்பரில் ஓட்டை போட்டு மாட்டினால் தன் கனத்தாலேயே கிழிந்துகொண்டு இறங்கும்.

ஏப்ரல் 9

கொக்கி தரையிலிருந்து 150 சென்டிமீட்டர். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே உள்ளது பித்தளை.

ஆறு வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய 105-ல் இருக்கும். பெரியவர்கள் கண் 150. அப்படியானால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த கொக்கியைப் பெரியவருக்குக் காட்ட 215-ல் மாட்ட வேண்டும். சுவரைப் பெரிதாக்க முடியாது, உரித்த தோல் உள்ள அளவில்தான் இருக்கும். கொக்கியை மட்டும் மேலே ஏற்றலாம். தச்சு அண்ணன் அந்த உயரத்தில் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. சரியாக இருக்கிறதென்றே நினைத்தேன்.

ஏப்ரல் 11

இரண்டாம் பூச்சு. மதியம் இடி.

ஏப்ரல் 12

காயவில்லை. காய்ந்த பால் தேன் நிறத்துக்கு மாறி வெளிச்சம் ஊடுருவும். வெள்ளை தெரிகிற இடமெல்லாம் ஈரம். வெயில் நாளில் மூன்று மணி நேரம் போதும், இந்த ஈரக்காற்றில் ஒரு நாள் முழுக்க ஆகிறது. வெள்ளையின்மேல் அடுத்த பூச்சைப் போட்டால் உள்ளே தண்ணீர் சிறைப்பட்டுக் கொப்புளம் வரும், பூஞ்சணமும் பிடிக்கும். பொறுமையாக இருக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வேலை இல்லை. பூட்டும்போது பார்த்தேன், வடக்குச் சுவர் இன்னும் வெள்ளை.

ஏப்ரல் 19

உரித்தோம்.

மேல் மூலையிலிருந்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னாலேயே டால்கம் தூவிக்கொண்டு போக வேண்டும். பவுடர் படாத இடம் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் சுண்ணாம்பு திட்டுத்திட்டாகப் பிரிகிறது. நிறுத்தாமல், ஒரே சீராக, சுவரோடு சாய்த்து இழுத்தால் முழு ஏடாக வருகிறது. சத்தம் பழைய பிளாஸ்திரியைக் கைமுடியோடு பிடுங்குவதுபோல, ஆனால் ஒன்பதடி நீளத்துக்கு.

ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டரை அடியில், ஒரு பிள்ளை 'அ' எழுதிப் பழகியிருக்கிறது. பென்சில்தான், மூன்று முறை. சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்தது, சுவரில் கண்ணுக்கே படவில்லை. தோலின் சுவர்ப்பக்கத்தில் அது இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாக நிற்கிறது. தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அறைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்க முடிகிறது. மூன்றாவது 'அ' பாதியில் நின்றிருக்கிறது. கோடு கீழே இறங்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல. அல்லது கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியிருக்கலாம். எதையும் எழுதி மாட்டப் போவதில்லை.

ஏப்ரல் 20

கதவுப் பக்கத் தோலில், பித்தளைக் கொக்கி தொட்டிருந்த இடம் பழுப்பாகிவிட்டது. செம்பும் பித்தளையும் ரப்பருக்கு ஆகாது, தொட்ட இடம் கறைபட்டு நாளாவட்டத்தில் நொய்ந்துபோகும். ஆணிகளுக்கெல்லாம் அரக்கு வைத்தோம். கொக்கிக்கு வைக்கவில்லை, அதை யாரும் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். வளைந்த சுண்டுவிரல் அளவு கறை.

பின்னால் வலைத்துணி ஒட்டிப் பலப்படுத்தியாயிற்று. கறையை மறைக்கவில்லை.

ஏப்ரல் 22

தோல்கள் ஆயக்கொட்டகைக்கு வந்துவிட்டன. நாலு சுவரும் கயிற்றில் தொங்குகின்றன, மேலே பழைய தகரம். தோலுக்கும் கொட்டகைச் சுவருக்கும் இடையில் மூன்றடிச் சந்து, அதில் மஞ்சள் எல்ஈடி. பகல் வெளிச்சத்தை முழுக்க அடைத்தோம், வெயில் பட்டால் ரப்பர் வாரக் கணக்கில் கறுத்துவிடும். விளக்கு மினுக்கக் கூடாது, படிப்படியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

தகரத்தில் இரண்டு அதிர்வி ஒலிபெருக்கிகளைத் திருகினோம். இதில் கூம்பு கிடையாது, எதில் திருகுகிறோமோ அதுவே ஒலிக்கும். மழை ஒலிப்பதிவைப் போட்டால் தகரமே பேசுகிறது, தலைக்கு மேல், உண்மையான இடத்திலிருந்து. 12 விநாடியில் ஏறி 65 டெசிபலில் நிற்கும்படி வைத்தோம். திடீரென்று வரும் சத்தம் எதுவும் கிடையாது. உடம்பு திடுக்கிட்டுவிட்டால் அதன்பிறகு அந்த ஆளுக்கு அறை தெரியாது, பயம்தான் தெரியும்.

ஒலிப் பட்டியலில் இருப்பவை: பெரட்டு மணி, தூரத்தில் நாய், சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம், ரேடியோ இரைச்சல். பெல்ட் கழற்றும் சத்தம் என்று ஒரு வரி இருந்தது. கோடு போட்டு நீக்கியாயிற்று. அடி விழுந்த இடத்தைச் சுற்றியிருந்ததைக் கொடுக்கலாம், அடியைக் கொடுக்கக் கூடாது. அதை மறுபடி கேட்பது நினைவு அல்ல, மறுபடி நடப்பது. 1995-ல் அமெரிக்கக் கலைஞரான மைக் கெல்லி தான் வளர்ந்த வீட்டையும் படித்த பள்ளிகளையும் ஒரே கட்டட மாதிரியாகச் செய்தபோது நினைவில் இல்லாத பகுதிகளை வெற்றாகவே விட்டார். வெற்றிடம் ஒரு குறை அல்ல. அந்த இடத்தில் வந்து நிற்கப்போகிறவருக்கு உரியது அது.

ஏப்ரல் 23

ஒட்டுப்பால் (மரத்திலும் மங்கிலும் ஒட்டி உறைந்த பால்) வாசனை. வைக்கலாமா, வேண்டாமா?

ஏப்ரல் 24

வைக்க வேண்டாம் என்கிறார் ஆலோசகர் அக்கா. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் ஒரு இடைநிலையத்தில் நின்று போகும். வாசனை அங்கே நிற்காமல் பயத்தைக் கையாளும் பகுதிக்கே நேராகப் போய்விடும். கண்ணை மூடிக்கொள்ளலாம், மூக்கை எத்தனை நேரம் மூட முடியும்? காற்றாடியால் வெளியேற்றவும் கால்மணி நேரம் ஆகிறது. சரி, வேண்டாம். தோலிலேயே கொஞ்சம் அம்மோனியாவும் கரியும் மணக்கிறது. அதையே முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 26

ஒத்திகை. ஐந்தாம் கதவுப் பெரியம்மா உள்ளே போனார், அக்கா கூடவே. நாலாவது நிமிடம் கதவுக்கு வந்தார், கொக்கியைத் தேடினார், கையைத் தூக்கினார். 215 சென்டிமீட்டர். எட்டவில்லை. குதிகால் தரையை விட்டு எழும்பியது. அப்படியே நின்றுவிட்டார். கண் ஒரே இடத்தில். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

அக்கா தொடவில்லை. விளக்கை ஏற்றச் சொன்னார், ஒலியை நிறுத்தச் சொன்னார், கதவை அகலத் திறந்தார். "பெரியம்மா, நான்தான். இன்னைக்கு ஏப்ரல் 26, ஞாயித்துக்கிழமை. நாம ஆயக்கொட்டகைல இருக்கோம். உங்க கால் தரையில இருக்கு, அழுத்திப் பாருங்க." இதையே திரும்பத் திரும்ப, அவசரம் இல்லாமல். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொன்னார். பெரியம்மா மூன்று சொன்னார்: செருப்பு, வாளி, மாமரம். சூடாக இனிப்புத் தேநீர். முக்கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "அழாதீங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

போகும்போது பெரியம்மா சொன்னது: "இன்னும் ஒசரமா வச்சிட்டீங்களே, ஐயா."

ஏப்ரல் 27

215 தப்பு. கணக்குச் சரி, வைத்தது தப்பு.

பிள்ளைக்கு எட்டவில்லை என்பதுதான் காயத்தின் நடு. ஓட முடியவில்லை, திறக்க முடியவில்லை, கூப்பிட்டால் வருகிறவரும் இல்லை. அதே எட்டாமையை ஐம்பது வருஷம் கழித்து அளவெடுத்துச் செய்து அதே ஆளின் முன் மாட்டியிருக்கிறேன். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைப்பதும் துக்கப்படுவதும், பிறகு மற்றவர்களோடு சேர்வது. இந்த வரிசை எனக்குத் தெரியாததல்ல. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1994-ல் செய்த சிவப்பு அறைகளில் பழைய கதவுகளை வரிசையாக நிறுத்தி வளைத்திருப்பார், இடுக்கின் வழியே எட்டித்தான் பார்க்க முடியும். வெளியே நிற்கிறவருக்கு அது சரி. நாம் ஆளை உள்ளே விடுகிறோம்.

ஏப்ரல் 28

கொக்கி இப்போது 110-ல். உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டும். துருப்பிடிக்காத எஃகு, ஒரு விரலால் தட்டினால் விழும். வெளிப்பக்கக் கொக்கியைக் கழற்றியாயிற்று, திருகு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. கதவு வெளிப்பக்கம் திறக்கும், தள்ளினால் போதும். மாட்டுவதும் திறப்பதும் உள்ளே இருப்பவர் கை.

ஏப்ரல் 30

வாசலில் சொல்ல வேண்டியவை, அக்காவோடு உட்கார்ந்து மூன்று முறை திருத்தியது.

உள்ளே என்ன இருக்கிறது என்று முழுக்கச் சொல்வது: மங்கல் வெளிச்சம், மழைச் சத்தம், மணி, கொஞ்சம் அம்மோனியா வாசனை. யாரும் உங்களைத் தொட மாட்டார்கள். ஒருவர் அல்லது இருவர்தான், ஏழு நிமிடம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். போகாமல் திரும்பினாலும் தேநீர் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் விடுவதில்லை. முந்தின இரவு தூங்காதவர்களை இன்னொரு நாள் வரச் சொல்வது. இது சிகிச்சை அல்ல என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்வது. சிகிச்சையில் இருப்பவர் தன் ஆலோசகரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

வெளியே வந்தபின் இருபது நிமிடம் உட்காரும் இடம் கட்டாயம். களிமண் இருக்கும், பிசையலாம், பிசையாமலும் இருக்கலாம். மறுநாள் ஒரு போன். இப்போது ஒரு பிள்ளைக்கு நடந்துகொண்டிருப்பதாக யாராவது சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. மலேசிய அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, அன்றைக்கே.

மே 2

எட்டுப் பேர். மூன்று பேர் வாசலோடு திரும்பினார்கள், தேநீர் குடித்துவிட்டு. ஒருவர் உள்ளே போய் 'அ'வுக்கு முன்னால் ஏழு நிமிடமும் குந்தியிருந்தார்.

மே 3

மழை. கூரையில் உண்மை மழையும் பதிவு மழையும் கலந்து 80 டெசிபலைத் தொட்டது. பதிவை நிறுத்தினோம். இனி வெளியே தூறினாலே நிறுத்த வேண்டும்.

மே 5

பெரியம்மா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அக்கா வாசலில் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னார், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளே போனதும் கொக்கியை மாட்டும் சத்தம். உடனே திறக்கும் சத்தம். மறுபடி மாட்டும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். பதினோரு முறை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

மே 6

கொக்கியின் திருகு தளர்ந்திருக்கிறது. நீளமான திருகு வாங்க வேண்டும், ஒன்றரை அங்குலம்.