மண்ணெண்ணெய்த் திருகி வைத்த ஏ40

2022 யூன் 28, செவ்வாய்

நேற்று நள்ளிரவோடு பெற்றோல் விநியோகம் நின்றுவிட்டது. யூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தானாம். காங்கேசன்துறை வீதியில் எங்கே பார்த்தாலும் சைக்கிள். வேலைக்குப் போகிற வழியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் மறித்துக் கேட்டது ஒன்றைத்தான்: "உங்கட வீட்டு ஏ40 இன்னும் மண்ணெண்ணெயிலை ஓடுமோ?"

ஓடின கார்தான். பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சமர்செற், 1953ஆம் ஆண்டு மாடல். பேமிங்ஹாம் லோங்பிறிட்ஜ் ஆலையில் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்தார்கள். அதற்கு முந்தியது டெவன். இரண்டுக்கும் 1200 சிசி எஞ்சின். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் இந்த ஏ40களும், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும்தான். அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய பிறகு, சாதாரண ஆளுக்குப் புதுக்கார் என்பது கனவு. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள்.

பெரியப்பா இதை எழுபதுகளில் வாங்கி வாடகைக்கு ஓடினார். கியர் தடி ஸ்ரியறிங்கோடு இருக்கும், முன் இருக்கை ஒரே வாங்கு, அதனால் முன்னுக்கே மூன்று பேர் இருக்கலாம். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, பலாலி விமான நிலையம் எல்லாம் பார்த்த கார். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது, பராமரிப்பது நான்.

அதன் டாஷ்போட்டுக்குக் கீழே, சாரதியின் இடது முழங்கால் படுகிற இடத்தில், எரிபொருளை மாற்றிவிடுகிற ஒரு பித்தளைத் திருகி இருக்கிறது. லோங்பிறிட்ஜில் இருந்து வரும்போது அது இல்லை. 1990க்குப் பிறகு வந்தது. எரிபொருளுக்கு ஆள் அலைகிற இந்த நாட்களில் அதைப்பற்றி விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

2022 யூலை 3, ஞாயிறு

கோண்டாவில் மெக்கானிக் அண்ணை சைக்கிளில் வந்தார். இந்தத் திருகியைப் பூட்டியவரே அவர்தான், அப்போது கராச்சில் வேலை பழகிக்கொண்டிருந்த இளந்தாரி. பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. களவாக வந்த கொஞ்சமும் தங்க விலை. மண்ணெண்ணெயும் அருமைதான், ஆனால் கிடைத்தது. காரின் பெரிய தாங்கிக்குள் மண்ணெண்ணெய். பெற்றோலுக்கு எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டில் ஒரு சேலைன் போத்தல், ஆஸ்பத்திரியில் தொங்கவிடுகிற அதே போத்தல். அதன் மெல்லிய குழாயில் துளித்துளியாக விடுகிற பிடியும் இருந்ததால், எவ்வளவு விடுவது என்பது கையில் இருந்தது. திருகியை ஒரு பக்கம் திருப்பினால் போத்தல், மறுபக்கம் திருப்பினால் பெரிய தாங்கி.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதுதான் முழுச் சிக்கலும். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மனிஃபோல்ட் (எஞ்சினோடு பூட்டின காற்று, புகைக் குழாய்கள்) கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும் வரைக்கும் விட்டு, பிறகு திருகியை மாற்ற வேண்டும். மாற்றின கையோடு எஞ்சின் ஒருமுறை இருமும், வெள்ளைப் புகை வரும், அக்சிலேற்றரை மெல்லப் பிடித்தபடி இருந்தால் எடுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் போகிற செப்புக் குழாயை அண்ணையின் முதலாளி சைலன்சர் குழாயின் மேல்பகுதியைச் சுற்றி வளைத்து விட்டிருக்கிறார். எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்குப் போகும்போதே எண்ணெய் சூடாகப் போகட்டும் என்ற யோசனை. இன்றைக்கு அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தேன். சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி ஒரே அளவு, மடிப்பு ஒன்றுகூட இல்லை. குழாய்க்குள் மணல் நிரப்பி வளைத்தார்களாம், நசுங்காமல் இருக்க.

"எல்லாக் காரும் இதுக்கு மசியாது தம்பி," என்றார் அண்ணை. "யப்பான் கார் கொண்டு வந்தவை பட்ட பாடு எனக்குத் தெரியும். இது அடிக்கிற தண்ணியைக் குடிக்கும்."

காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் தொடங்கி 1953 தொடக்கம் வரைக்கும் பிரித்தானியாவில் எல்லாக் கம்பனிக்கும் பொதுவாக பூல் பெற்றோல் என்ற மட்டமான பெற்றோல்தான் விற்றது. பெற்றோலின் தரத்தைக் காட்டுகிற ஒக்டேன் எண் எழுபதைச் சுற்றித்தான். அந்தப் பெற்றோலில் இடிக்காமல் (எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் தட்டாமல்) ஓட வேண்டும் என்று ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, 7.2க்கு 1 என்று குறைவாகவே வைத்தார்கள். இங்கிலாந்தின் பஞ்சத்துக்காகச் செய்த எஞ்சின், நாற்பது வருடம் கழித்து எங்கள் பஞ்சத்துக்கு உதவியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அங்கேயே மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுகிற பெர்குசன் ட்ராக்டர்கள் இருந்தன. அவையும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மாற்றுபவைதான். எங்கள் கராச்காரர்கள் அதைப் படித்துச் செய்யவில்லை, தேவை வந்தபோது தாங்களாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேடும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அடிக்கடி ஒயில் மாற்றாவிட்டால் பெயாரிங் போய்விடும். பாரம் ஏற்றினால் இடிக்கும், அதற்காக ஸ்பாக் விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். வால்வில் கரி கட்டும். இன்றைக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓட்டப் போகிறாயா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இல்லை. இப்போது மண்ணெண்ணெய் கடலுக்குப் போகிறவர்களுக்கே இல்லை. அவர்களின் வெளியிணைப்பு எஞ்சினுக்கு அதுதான் உயிர்.

2022 யூலை 10, ஞாயிறு

நேற்றுக் கொழும்பில் சனம் சனாதிபதி மாளிகைக்குள் போய்விட்டது. வீட்டில் நாள் முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

பெரியப்பா மட்டும் காருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்குப் புறப்பட்ட நாள். மழை வேறு. செம்மணி வெளியாலே நாவற்குழிப் பாலம் நோக்கி இலட்சக்கணக்கில் சனம், அந்தக் கூட்டத்துக்குள் இந்தக் கார். உள்ளுக்குள் நடக்க முடியாத கிழவிகள், ஒரு பிள்ளைத்தாய்ச்சி, மேலே பாயும் சட்டிபானையும்.

"போத்தலிலை பெற்றோல் ஒரு விரல் உயரம்தான் கிடந்தது. நிப்பாட்டினால் திரும்ப எதாலை ஸ்ராட் பண்ணுறது? விடிய விடிய நான் எஞ்சினை நிப்பாட்டேல்லை."

கார் நடந்து போகிறவர்களைவிட மெதுவாகத்தான் போனதாம். மண்ணெண்ணெயில் எஞ்சினைச் சும்மா விட்டு வைக்கவும் முடியாது, சூடு இறங்கினால் இருமி நின்றுவிடும். அதனால் நியூட்ரலில் போட்டு அக்சிலேற்றரை அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறார். றேடியேற்றர் கொதிக்க, வீதியோரத்து வெள்ளத்தை அள்ளித் தந்தது யாரோ முகம் தெரியாத பொடியன்கள். சாவகச்சேரி போய்ச் சேரும்போது நல்லாக விடிந்துவிட்டதாம். வலது கால் விறைத்துப்போய் இறங்க முடியாமல் இருந்தவரைப் பிடித்து இறக்கியது அந்தக் கிழவிகள்.

சொல்லி முடித்துவிட்டு, "பெல்ற் தளர்ந்திருக்கு, பார்" என்றார். கண் தெரியாவிட்டாலும் காது இன்னும் கூர்மை.

2022 யூலை 17, ஞாயிறு

நேற்று எரிபொருள் அட்டைக்கான இணையப் பதிவு தொடங்கியது. கியூ.ஆர். குறியீடு தருவார்கள், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. பதிவுக்கு காரின் அடையாள எண்ணான செசி இலக்கம் கேட்டது. பொனற்றுக்குக் கீழே இருந்த தகட்டைத் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துத் துடைத்து எழுத்தை வாசித்தோம். குறியீடு வந்துவிட்டது. 1953ஆம் ஆண்டுக் காரின் குறியீட்டைத் தம்பியின் மகள் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த எஞ்சின் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் தரும். 20 லீற்றர் என்றால் பெரியம்மாவின் கிளினிக்குக்கும் அவசரத்துக்கும் தாராளம்.

2022 ஓகஸ்ட் 7, ஞாயிறு

கொழும்பில் இருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஏ40 பற்றி விரல் நுனியில் வைத்திருக்கிறார். பொனற் முனையில் பறக்கிற ஏ எழுத்து இன்னும் அசல் என்பதையும், திரும்புகிற பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணில் இருந்து எழும்புகிற கைகாட்டி வேலை செய்வதையும் கண்டு சந்தோசப்பட்டார். நல்ல விலையும் சொன்னார். லோங்பிறிட்ஜில் இருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கப்போகிறாராம். செப்பு வளையம், போத்தல் தாங்கி, திருகி எல்லாம் கழன்றுவிடும், துளைகளை அடைத்துப் பெயின்ற் அடித்துவிடலாம் என்றார்.

அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நேரம் போவது தெரியாமல் கதைத்தோம்.

பழைய காரை ஆலையில் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது பெரிய கலை, மறுக்கவில்லை. ஆனால் ஆலை என்பது அந்தக் காரின் முதல் நாள் மட்டும். மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக்குப் போகிற நேரத்தில், அகலம் போதாது என்று அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், பரீட்சைக்குச் செய்த காரை நடுவால் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த அகலத்தில்தான் 1948இல் கார் வெளியே வந்தது. பொனற்றின் நடுவே மேடாக ஓடுகிற தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம். அந்தப் பட்டியைத் தட்டிச் சமப்படுத்த இன்றைக்கு எந்த மைனர்க்காரர் சம்மதிப்பார்? எல்லாரும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஒரு எஞ்சினியர் இக்கட்டில் செய்த மாற்றத்தைக் கொண்டாடுகிறோம் என்றால், கோண்டாவில் கராச்சில் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் வளைத்த செப்புக் குழாய்க்கும் அந்த மரியாதை வேண்டும்.

அசலான சமர்செற்றுகள் இங்கிலாந்தில் அழகாக இருக்கின்றன. பஞ்சத்தில் ஓடிய சமர்செற் இங்கே மட்டும்தான் இருக்கிறது. அதையும் அசலாக்கிவிட்டால் அந்த ஐந்தாறு வருடத்துக்குச் சாட்சி சொல்ல எந்த இரும்பு மிஞ்சும்?

அவர் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். போகும்போது திருகியைப் படமெடுத்துக்கொண்டு போனார்.

2022 ஓகஸ்ட் 22, திங்கள்

மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயில் இருந்து ஒரே அடியாக 340. மயிலிட்டிப் பக்கம் படகுகள் கரையிலேயே நிற்கப்போகின்றன. காரைப்பற்றி எழுத மனம் வரவில்லை.

2022 செப்ரெம்பர் 4, ஞாயிறு

லண்டனில் இருக்கிற மச்சான், ஒஸ்ரின் கவுண்டீஸ் கார் கிளப் ஆட்கள் மூலம் தண்ணீர்ப் பம்புக்கான பொருள்களும் பிறேக் ரப்பர்களும் தேடி அனுப்பியிருந்தான். பார்சல் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. டெவனுக்குப் பின்பிறேக் கம்பியால் வேலை செய்வது, சமர்செற்றில்தான் நாலு சில்லுக்கும் ஒயில் பிறேக். ரப்பர் நல்லாக இருந்தால்தான் நம்பி ஓடலாம்.

இன்று அண்ணையும் நானும் எல்லாவற்றையும் மாற்றினோம். எரிபொருள் குழாயிலும் ஒரு வேலை செய்தோம். பெற்றோலை அந்தச் சூடான வளையத்துக்குள்ளால் விட்டால் காபரேற்றருக்குப் போக முதலே ஆவியாகி, கார் வெயிலில் நின்றுவிடும். அதனால் வளையத்தைச் சுற்றிப் போகாமல் நேராக ஒரு புதுக் குழாய் போட்டு, வளையத்தின் இரண்டு வாயையும் பித்தளை மூடியால் அடைத்தோம். வளையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூடியைக் கழற்றினால் பழையபடி வேலை செய்யும். மெல்லிய தகடு ஒன்றில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஆணியால் பொறித்து பொனற்றின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன், நாளைக்கு வேறு யாராவது திறந்தால் விளங்க வேண்டும்.

கொழும்புக்காரர் நேற்று எடுத்துக் கதைத்தார். திருகியை அப்படியே விடுகிறேன், தருகிறீர்களா என்று கேட்டார். பெரியப்பா இருக்கும் மட்டும் விற்பதாக இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு முதலில் அவரிடம்தான் கேட்பேன் என்றும் சொன்னேன். திருகியை விடுகிறேன் என்று சொன்ன மனிதர் அல்லவா.

பருத்தித்துறையில் ஒருவரிடம் இன்னும் ஒரு டெவன் இருக்கிறதாம். அதில் வளையம் இல்லை, மண்ணெண்ணெய்த் தாங்கியையே எஞ்சினுக்கு மேல் உயர்த்தி வைத்து வேறு மாதிரிச் செய்திருக்கிறார்களாம். அவர் மார்கழிக்கு முன் கனடா போகிறார். அடுத்த ஞாயிறு அளவுகோலும் கொப்பியும் கொண்டுபோய் அளந்து வரைந்துவர வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது இப்படித் திருகியோ, போத்தல் தாங்கியோ, வளைத்த குழாயோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுங்கள், எந்தக் காரில் இருந்தது, யார் பூட்டியது என்று பின்னால் எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.