முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்

எங்கள் பயிற்சி அறைக்கு விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் கருவி, வந்த முதல் வாரமே நான் அடி வாங்கினேன்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். விஏ என்று இரண்டு எழுத்தில் சொன்னால் இங்கே எல்லோருக்கும் புரியும். அன்று வந்தவர் வியட்நாம் போரில் இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். இடது முழங்காலில் மாற்று மூட்டு. வலது தோள் பாதி உயரத்துக்கு மேல் போகாது. ஹெட்செட்டை மாட்டி, இரண்டு கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்து, பறந்து வரும் பந்துகளைத் தட்டிவிடும் விளையாட்டைப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேசைப் பக்கம் வந்துவிட்டார். இடித்துக்கொள்வாரே என்று பின்னாலிருந்து போய் அவர் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். உயராத அந்த வலது தோள் எப்படித்தான் உயர்ந்ததோ, திரும்பிய வேகத்தில் கன்ட்ரோலர் என் புருவத்துக்கு மேல் வந்து விழுந்தது.

எனக்குச் சின்ன வீக்கம்தான். அவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து, கை நடுங்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். தப்பு முழுக்க என்னுடையது. ஓட்டலில்கூட வாசலைப் பார்த்தபடி, சுவரில் முதுகு சாய்கிற இடமாகப் பார்த்து உட்காருகிறவர்கள் இவர்களில் நிறைய உண்டு. அப்படி ஒருவருடைய கண்ணையும் காதையும் அடைத்துவிட்டு, பின்னாலிருந்து போய்த் தொட்டால் வேறென்ன நடக்கும்? வார்டு நர்ஸ்களுக்கு இது பழைய பாடம். தூங்குகிறவரை அவர்கள் தட்டி எழுப்ப மாட்டார்கள். கால்மாட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் தினமும் நடப்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டி இருக்கும். ஹெட்செட் போடுவதற்கு முன்பே அறையில் யார் யார் இருக்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். போட்ட பிறகும் என் வாய் ஓயாது. "சார், நான் உங்க வலது பக்கம் நிற்கிறேன். இப்போ முன்னால் வரேன். முழங்கையைத் தொடலாமா?" கிரிக்கெட் வர்ணனை மாதிரிதான் இருக்கும். பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி இதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு நிமிடத்தில் கழற்றிவிட்டாள்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு விஆர் என்றால் போர்க்களத்தைத்தான் காட்டுவோம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. 1997 வாக்கில் அட்லாண்டாவில் வியட்நாம் வீரர்களுக்காக முதலில் செய்து பார்த்தார்கள். ஒரு ஹெலிகாப்டர், காட்டுக்குள் ஒரு வெட்டவெளி, இரண்டே காட்சிகள். பிறகு தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிப் ரிஸ்ஸோவின் குழு ஈராக், ஆப்கானிஸ்தான் தெருக்களை உருவாக்கியது. அதில் டீசல், எரியும் ரப்பர் வாசனையைக்கூடப் பரப்பும் கருவி இருந்தது. பயந்த நினைவுக்குள் திரும்பத் திரும்ப, பாதுகாப்பாகப் போய்வரவைக்கும் சிகிச்சை அது. உளவியலாளர்கள் தங்கள் அறையில் செய்வது. எங்கள் அறையில் மீன்பிடிப்பு, குத்துச்சண்டை, பந்து, கடற்கரை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். கையைத் தூக்க வைப்பதற்குப் போர் எதற்கு?

உடம்பு விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். "கையைப் பத்து முறை மேலே தூக்குங்க" என்றால் ஆறாவதிலேயே வலிக்கிறது என்று நிறுத்துகிறவர், பந்து வந்தால் நாற்பது முறை தூக்குகிறார். வலி எங்கேயும் போகவில்லை. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன் என்ற ஆராய்ச்சியாளர் தீக்காய நோயாளிகளிடம் இதைத்தான் காட்டினார். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவர்கள் ஹெட்செட்டுக்குள் பனிப் பள்ளத்தாக்கில் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார்கள். பின்னால் போரில் தீக்காயம்பட்ட வீரர்களுக்கும் அது போனது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. களைப்பு தெரியாது. எங்களிடம் போர்க் (Borg) அளவுகோல் என்று ஒன்று உண்டு, 6 முதல் 20 வரை. 6 என்றால் கஷ்டமே இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டு எண் சொல்லச் சொல்வோம். வியர்வை சொட்டுகிறவர் ஹெட்செட்டுக்குள்ளிருந்து உற்சாகமாக "11" என்பார். சரி, நாடித் துடிப்பைப் பார்க்கலாமென்றால், பாதிப் பேர் பீட்டா பிளாக்கர் என்ற, இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் நான் எண்ணை நம்புவதில்லை. மூச்சு விடாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். பேரன் பேத்தியைப் பற்றிக் கேட்டால் போதும்.

சின்னச் சின்ன இம்சைகளும் உண்டு. காது கேட்கும் கருவி மாட்டியவர்கள் அதிகம். படைவீரர்களின் குறைபாடுகளில் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும்தான் முன்வரிசை. ஹெட்செட்டின் பட்டை அந்தக் கருவியை அமுக்கினால் கீச்சென்று கத்தும். குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டவர்களுக்குத் தலைசுற்றல் சீக்கிரம் வரும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, காட்சி மட்டும் நடந்து போனால் கண் ஒன்று சொல்லும், உள்காது வேறொன்று சொல்லும். அதனால் நகரும் காட்சிகளை அவர்களுக்குக் கொடுப்பதில்லை. வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடுவதே இல்லை. மென்பொருள் அப்டேட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

கை கால் இழந்தவர்களிடம் மட்டும் எனக்கு இன்னும் பழைய முறைமேல்தான் பிரியம். இல்லாத கால் வலிக்கும் என்று கல்லூரியில் படித்தபோது கதை போலத்தான் இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில், இருக்கும் கையின் பிம்பம் இழந்த கை போலத் தெரியும்படி ஒரு கண்ணாடியை வைத்து அந்த வலியைக் குறைத்தார் என்று எங்கள் ஆசிரியர் பெருமையோடு சொல்வார். 2007இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் ஆய்வு வெளிவந்தது. கால் இழந்தவர்களில் கண்ணாடியைப் பார்த்து 4 வாரம் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. விஆரிலும் ஒரு கையை அசைத்தால் இரண்டு கைகள் அசைவதுபோல் காட்ட முடியும். அழகாகவும் இருக்கும். ஆனால் கண்ணாடிக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். முதலில் அதைத்தான் எடுக்கிறேன்.

என்னை அடித்தவர் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, மீன்பிடிப்பதைப் போடு என்றார். வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரும் அவருக்கு "டாக்"தான், டாக்டரின் சுருக்கம். ஒருநாள் அவர் ஏரிக்கரையில் தூண்டிலை வீசிக்கொண்டிருக்கும்போது, என் போனில் ஏதோ செய்தி வர, வர்ணனையை மறந்து தண்ணீர்க் கேன் பக்கம் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நினைவு வந்து, "சார், நான் இங்கேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டாக். தண்ணீர்க் கேன் கிட்ட. உன் இடது ஷூ கீச்சிடுது. முதல் நாளிலிருந்தே."

தூண்டிலை இன்னொரு முறை வீசினார். அந்தக் கை காதுக்கு மேலே போய் வந்தது.

ஷூ தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது.