தொழிற்பயிற்சியில் நான் பட்ட பாடு: அடுத்து போகும் பிள்ளைகளுக்கு

கணக்கியல் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத் தொழிற்பயிற்சியைச் சுங்கை சிப்புட்டில், வீட்டிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரத்திலுள்ள செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் ஒருவழியாக முடித்துவிட்டேன். இடம் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. கடிதம் போட்டேன், வரச் சொன்னார்கள்.

முதல் தடங்கல் ரப்பர் முத்திரையால் வந்தது. ஆலை தந்த ஏற்புக் கடிதத்தில் மேலாளரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. முத்திரை வேண்டுமென்று பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலிலும் இல்லை. ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், வரிசையில் நின்று கடிதத்தை நீட்டியபோது, முகப்பில் இருந்தவர் முழுவதும் படித்துப் பார்க்காமலே திருப்பித் தள்ளி, முத்திரையிட்ட மூலக் கடிதத்தை நேரில் கொண்டு வந்தால்தான் கோப்பு திறக்கப்படும் என்றார். அதே அலுவலகத்தில் வேறொருவர் பிறகு அதனை மின்னஞ்சலிலேயே ஏற்றுக்கொண்டார். அந்தப் பயணமும் பேருந்துக் காசும் வீண்தான் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முத்திரை, தேதி, மேற்பார்வையாளரின் பதவி ஆகிய மூன்றும் கடிதத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஆலை வாசலைத் தாண்டுங்கள்.

அடுத்தது வேலை. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. 2017இல் வெளியிட்ட தகுதிக் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு, கற்றல் பேறுகளை ஐந்து தொகுப்புகளாக வகுத்து, தொடர்பாடல், பிறரோடு இணைந்து செயல்படுதல், மின்னியல் திறன், எண் திறன், தலைமைத்துவம் போன்றவற்றைப் பணித்திறன்கள் என ஒரே தொகுப்பில் வைத்திருக்கிறது. எங்கள் பாடத்திட்டத் தாள்களிலும் இவை தவறாமல் அச்சாகி வரும். ஆனால் வகுப்பில் குழுப்பணி என்ற பெயரில் ஸ்லைடுகளைப் பங்கு போட்டுக்கொண்டோமே தவிர, கோபத்தோடு வரும் ஒருவரிடம் கணக்கை எடுத்துச் சொல்லும் பயிற்சி எந்தப் பாடத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆலையிலும் தொடக்கத்தில் நகலெடுப்பதும் கோப்பு அடுக்குவதும்தான் என் வேலையாக இருந்தன.

லாரிகளை நிறுக்கும் எடை மேடையின் சீட்டுகளைச் சரிபார்க்க நானே கேட்டு வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. "ஏம்மா, டிகிரி படிக்கிற பிள்ளை, வெயில்ல என்னத்துக்கு நிக்கிற?" என்று ஆலையின் எழுத்தரான கிராணி ஐயா தடுத்தும் நான் விடவில்லை. ஒரு நாள் வயதான சிறுதோட்டக்காரர் ஒருவர், தம் குலைகளின் எடையில் பிடித்த கழிவு அநியாயம் என்று சீட்டை மேசைமீது அறைந்தார். அவரை நிழலில் உட்கார வைத்து, லாரியின் மொத்த எடையில் வெறும் லாரியின் எடை எவ்வாறு கழிக்கப்படுகிறது என்பதைக் காட்டினேன். பின்னர் குலைகள் கிடந்த இடத்துக்கே அழைத்துச் சென்று, பழம் உதிர்ந்த குழிகள் குறைந்தது 10 இருந்தால்தான் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வழிகாட்டிப்படி அது பழுத்த குலை என்று விளக்கி, எண்ணிப் பார்க்கச் சொன்னேன். குனிந்து ஒவ்வொரு குலையாக எண்ணிய அவர், "இத யாரும் எனக்கு இதுவரைக்கும் சொல்லலயேம்மா" என்றார். மறுநாள் கிராணி ஐயா பணப்பட்டுவாடாப் பேரேட்டை என்னிடம் ஒப்படைத்தார். இத்தகைய சீட்டுகளைத் தணிக்கைப் பாடத்தில் முதலாண்டிலேயே மாணவர் கையில் கொடுக்கலாம். கடைசிப் பருவம்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

மதிப்பீட்டுப் படிவம் தனிக்கதை. எனக்குப் புள்ளியிட வேண்டிய மேலாளர் பெரும்பாலும் தலைமையகத்தில் இருந்தார். நான் எவரிடமும் பேசுவதைப் பார்த்திராத அவர், தொடர்பாடலுக்கு நடுத்தரப் புள்ளி போட இருந்தார். என் பயிற்சிக் குறிப்பேட்டில் 'எடை மேடையில் உதவினேன்' என்று பொதுவாக எழுதாமல், யாருடைய முறையீடு, எந்தச் சீட்டு, எவ்வாறு தீர்ந்தது என்று அன்றன்றே எழுதி, கிராணி ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அந்தப் பக்கங்களை முன்னால் வைத்த பிறகே புள்ளி உயர்ந்தது.

முத்திரையிட்ட உறையில் ஆலை அனுப்பிய அந்தப் படிவம் வந்து சேரவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, நான் கேட்டு வாங்கி வைத்திருந்த போஸ் லாஜு விரைவு அஞ்சல் ரசீதின் எண்ணையும் பெற்றுக்கொண்டவரின் பெயரையும் சொன்னேன். அன்று மாலைக்குள் உறை கிடைத்துவிட்டது, மதிப்பெண்ணும் பதிவேறியது. பட்டமளிப்பு முடியும்வரை எந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.