எங்களைத்தான் எண்ணுறாங்க

மார்ச் 2

சிறையில் நான் எடுக்கும் ஞாயிறு வகுப்பு இன்று பாதியில் நின்றது. எண்ணிக்கையில் ஒருவர் குறைகிறார் என்று சொல்லி, எழுதிக்கொண்டிருந்த எல்லோரையும் எழுப்பி வராந்தாவில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒரு காவலர் விரலை நீட்டி எண்ணினார், அப்புறம் இன்னொருவர் வந்து எண்ணினார், கடைசியில் அந்த ஒருவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருக்கிறார் என்று தெரிவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் மாணவர்களில் மூத்தவர் சொன்னார்: "வெளியே எங்களைப் பத்திக் கம்பி எண்ணுறாங்கன்னு சொல்றீங்க சார். உள்ளே கம்பியை யாரும் எண்ணுறதில்லை. எங்களைத்தான் எண்ணுறாங்க."

அவருக்கு இது ஒன்பதாவது வருஷம். மாதக் கடைசியில் விடுதலை. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே வந்தபோது கைநாட்டுதான்; இப்போது மகளுக்குத் தானே கடிதம் எழுதுகிறார்.

மார்ச் 6

குற்றம் செய்தால் சிறை என்பது மனிதன் தோன்றிய நாளிலிருந்தே உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டு வரை சிறை என்பது பெரும்பாலும் காத்திருக்கும் இடம்: விசாரணைக்காக, தூக்குக்காக, சாட்டையடிக்காக, கடனை அடைக்கும் வரைக்கும். வருஷங்களை அளந்து தண்டனையாகக் கொடுப்பது அப்புறம்தான் பரவியது. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட ஜான் ஹோவர்ட் இங்கிலாந்துச் சிறைகளை நேரில் சுற்றிப் பார்த்து 1777-ல் எழுதினார். குற்றமற்றவர் என்று தீர்ப்பான பிறகும், சிறைக் காவலருக்குத் தர வேண்டிய கட்டணத்தைக் கட்ட முடியாமல் உள்ளேயே கிடந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

1829-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த பெரிய சிறையைப் பற்றிப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. ஆளுக்கொரு தனி அறை, ஒரு பைபிள், மேலே கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு துளை. அறையை விட்டு வெளியே கூட்டிப்போகும்போது யாரையும் பார்க்காதபடி முகத்தை மூடி ஒரு துணி. இதைக் கட்டியவர்கள் கொடூரர்கள் இல்லை, சாட்டையையும் தூக்கையும்விட இது கருணையானது, தனியாக இருந்தால் மனம் திருந்தும் என்று உண்மையாகவே நம்பியவர்கள். அங்கே பலருக்கு மனம் பேதலித்தது. தனிமைச் சிறைக்கு ஐ.நா. தெளிவாக ஒரு எல்லை போட்டது 2015-ல், மண்டேலாவின் பெயரில் வந்த விதிகளில்: ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பது, தொடர்ந்து 15 நாளைத் தாண்டக்கூடாது. இடையில் 186 வருஷம் போயிருக்கிறது.

மார்ச் 9

பின்வரிசையில் ஒரு பையன் உட்காருவான், கணக்கில் கெட்டிக்காரன். திருட்டு வழக்கு. பதினான்கு மாதமாக உள்ளே இருக்கிறான், இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஜாமீன் கிடைத்தது, கட்டப் பணம் இல்லை, அவ்வளவுதான். குற்றம் நிரூபணமானால்கூட ஒரு வருஷம்தான் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னாராம். "அப்போ மிச்சம் ரெண்டு மாசத்தை யார் சார் திருப்பித் தருவாங்க?" என்று கேட்டான், கணக்குப் போடுகிற அதே முகத்தோடு.

உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் மனிதர்கள் சிறையில் இருக்கிறார்கள். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இவனைப் போல விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று யாரும் சொல்வதற்கு முன்பே வேலை போகிறது, வீடு போகிறது, சில பேருக்குக் குடும்பமும் போகிறது. வெளியே இருந்தால் ஓடிவிடுவார், சாட்சியை மிரட்டுவார் என்றால் அடைத்து வைப்பது சரி. பணம் இல்லை என்பதற்காக அடைத்து வைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

மார்ச் 15

நண்பனின் அக்காவைப் பார்க்கப் போனேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில் கத்திக்குத்துப் பட்டு அவருடைய மகன் இறந்துவிட்டான். நான் சிறையில் பாடம் எடுப்பது அவருக்குத் தெரியும். "நீ அவங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற. என் பையன் எழுதின நோட்டு அப்படியே மேசை மேல இருக்கு" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அவன் உள்ளே இருக்கிற வரைக்கும் ராத்திரி தூங்குறேன்டா. வெளியே வந்தா?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. சிறையால் நிச்சயமாக முடிவது ஒன்றுதான்: குத்தியவனை அக்காவிடமிருந்து கொஞ்ச காலம் தள்ளி வைக்கிறது. அந்தக் கொஞ்ச காலத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேன், அக்காவுக்காக. ஆனால் அடைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருகிறார்கள். வருஷத்தைக் கூட்டினால் பயம் கூடும், குற்றம் குறையும் என்கிறார்கள். தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார், பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. கத்தியை எடுத்த அந்த நொடியில் குத்தியவன் பத்து வருஷமா பதினைந்து வருஷமா என்று யோசித்திருப்பானா?

நார்வேயில் 2010-ல் திறந்த ஹால்டன் சிறையில் காவலர்கள் கைதிகளோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், விளையாடுகிறார்கள். சுதந்திரத்தைப் பறிப்பதுதான் தண்டனை, மற்ற வாழ்க்கை முடிந்தவரை வெளியே இருப்பது போலவே இருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. நாளைக்கு அண்டை வீட்டுக்கு வரப்போகிறவர் இவர்தானே என்று கேட்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவருடைய கேள்விக்கு யாராவது நேராகப் பதில் தேடியிருந்தால் அது இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30

மூத்த மாணவருக்கு விடுதலை. வாசலில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்: இரண்டு சட்டை, விடுதலைச் சான்று, மகளின் கடிதங்கள், காலாவதியான அடையாள அட்டை. உள்ளே போகும்போது மகளுக்கு நான்கு வயது. இப்போது பதின்மூன்று.

ஏப்ரல் 4

காலை ஐந்தரைக்கு போன். கைகள் நடுங்குகின்றன என்றார். அறையில் தனியாக இருக்கிறார், யாரும் எழுப்பவில்லை, ஆனாலும் தானாக எழுந்து கட்டிலை விட்டு இறங்கி, காலை மடக்கிச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுகிறாராம், எண்ண வருவார்கள் என்று. இந்த ஐந்து நாளும் இப்படித்தானாம்.

வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ரொம்ப ஆபத்தானது. போதைப் பழக்கம் இருந்தவர்களின் உடல் உள்ளே இருந்த காலத்தில் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், வெளியே வந்து பழைய அளவையே எடுக்கிறார்கள், இறந்துபோகிறார்கள். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் தினமும் இரண்டு வேளை போன் செய்கிறேன்.

ஏப்ரல் 13

ஒரு பட்டறையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்திருக்கிறார். 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? ஆம் எனில் விவரம்' என்று ஒரு கட்டம். விவரத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், கையெழுத்து என்னுதா இருக்கட்டும்" என்றார். நாளை காலை உட்காருகிறோம். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டுமாம், இரண்டு வரியில் அடங்குகிறதா என்று.